ஆரணி சொல்லாமல் விட்டது

1

இங்கே மார்கழி இருபத்தாறு விடுமுறை நாள். கிறிஸ்து பிறந்த நத்தார் கொண்டாடி முடிந்த களைப்பில் ஊரே திரையை இழுத்துவிட்டுத் தூங்கும். நான் மட்டும் எழும்பி அப்பத்துக்குக் கரைத்து வைத்த மாவைத் திறந்து பார்ப்பேன். பெரியம்மாவின் நாள் அது. அம்மாவின் அக்கா. மாங்கேணிக் கடற்கரையில் அம்மாவும் அவருமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். கடல் ஏறி வந்த காலையில், "நீ ஓடு, நான் சட்டிய இறக்கிப்போட்டு வாறன்" என்று அம்மாவிடம் சொன்னவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று அப்பமும் மீன் குழம்பும் செய்து இந்த ஊரில் இருக்கும் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்து வருவேன்.

இந்த முறை செய்யவில்லை. சமைத்துச் சும்மா கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எனக்குத்தான் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்க மனம் வரவில்லை. இப்போது மாசி பிறந்துவிட்டது. ஏன் அப்படி ஆனது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத இவ்வளவு நாள் எடுத்தது. வெளிநாட்டில் இருப்பவள் குளிரைப் பற்றி எழுதலாம், தனிமையைப் பற்றி எழுதலாம். அவற்றில் ஒரு கௌரவம் இருக்கிறது. இதில் அது இல்லை.

2

நோர்வேயின் மேற்குக் கரையில், ஒரு மீன் தொழிற்சாலையை நம்பி இருக்கிற சின்ன ஊர் இது. வந்த புதிதில் நானும் அங்கே மீன் வெட்டினேன். தோள்மூட்டு விட்டுப்போன பிறகு வீட்டிலிருந்து சமைத்து விற்கத் தொடங்கினேன். ரோல்ஸ், இடியப்பம், சொதி, பிறந்தநாள்களுக்குப் புரியாணி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோர் வாங்குவார்கள். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்களும் வாங்குவார்கள். கணவர் லொறி ஓட்டுகிறார், கிழமையில் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் நானும் மகள் ஆரணியும்தான்.

ஆரணிக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் சின்னவளாக இருக்கும்போது ஒருமுறை வங்கிக்குப் போனோம். அங்கே கேக் துண்டு ஒன்றை நீட்டினார்கள். வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலம் கேட்ட ஞாபகத்தில் "ஃபுல்" என்றேன். இவர்களுடைய மொழியில் அதற்குக் குடிவெறியில் இருக்கிறேன் என்று அர்த்தம். வங்கிக்காரர் சிரித்தார். ஆரணி சிரிக்கவில்லை. முகம் சிவந்து, அவசரமாக ஏதோ சொல்லித் திருத்தினாள். அதற்குப் பிறகு வெளியிடங்களில் நான் வாயைத் திறப்பதில்லை. அவள் திறப்பாள். டொக்டர், வங்கி, வீட்டுச் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றியே நடக்கும் பெற்றோர் சந்திப்பு, எல்லா இடத்திலும் ஆரணிதான் என் வாய். அதை நான் பெருமையாக எல்லோருக்கும் சொல்வேன். "எண்ட மகள் இல்லாட்டி நான் ஊமை" என்பேன். அதைப் பாராட்டாக நினைத்துத்தான் சொன்னேன்.

பிறகு உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் புது விதிகள் வந்தன. வீட்டிலிருந்து உணவு விற்பவர்கள் பதிய வேண்டும். விற்பனைக்குச் சமைக்கும் இடமும் குடும்பம் சமைக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும். எதை எப்படிக் குளிரவைக்கிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு பெண் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய, மெதுவாகப் பேசுகிற பெண். ஆரணி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள வெப்பமானி வைக்கட்டாம், அம்மா. மற்றதெல்லாம் ஓகே."

வெப்பமானி வாங்கி வைத்தேன். சில மாதங்களின் பின் அவர் மறுபடி வந்தார். "கையுறை போடட்டாம்" என்றாள் ஆரணி. கையுறையும் வாங்கினேன். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்து, போகும்போது ஒரு பெட்டி ரோல்ஸ் கொடுத்தேன். அவர் கையை அசைத்து மறுத்தார். லஞ்சம் என்று நினைக்கிறார் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் இன்னொரு விதியும் வந்தது. அரசாங்க அலுவலகங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. படித்துத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று தொலைபேசியில் எல்லோரிடமும் கத்தினேன்.

3

அரசாங்கம் விதி போட்டுச் சிறு கடைக்காரரைத் துரத்துவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆரணிக்கு நான் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டு.

சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. கடை இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. பெரியம்மா கடைசியாக நின்ற இடமும் அதுதான். அம்மா கொஞ்ச நாள் அந்த அத்திவாரத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் வாழைச்சேனைக்குப் போய் இரும்பு ஒட்டுகிற கடையில் ஒரு வண்டில் செய்வித்துக்கொண்டு வந்தார். நான்கு சில்லு, மேலே தகரம், நடுவில் அடுப்புக்கு ஒரு தட்டு.

"கட்டக் கூடாது எண்டுதானே சட்டம். உருட்டக் கூடாது எண்டு இல்லையே" என்றார்.

கரைவலை இழுக்கிறவர்கள் ஈரக் காலோடு வந்து பால் விடாத பிளேன்ரீயும் அப்பமும் வாங்கினார்கள். அரசாங்கத்தின் ஆளான எங்கள் கிராம சேவகர் தவராசாவும் வந்தார். அவருடைய வீட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது. வண்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சில்லு இருக்குமட்டும் இது கட்டிடம் இல்ல அக்கா" என்று சொல்லி, அப்பம் தின்றுவிட்டுப் போனார்.

பிறகு கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். தவராசாதான் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் வண்டிலைக் காட்டிச் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். அவர் முகம் போன போக்கு எனக்கே விளங்கியது. தவராசா மணலைப் பார்த்தபடி அதைத் தமிழாக்கினார்.

"கடை நல்லா இருக்குதாம் அக்கா. கொஞ்சம் தள்ளி வெச்சா இன்னும் நல்லமாம்."

அம்மா தலையை ஆட்டினார். எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். பெரியவரிடம் கோப்பையைக் கொடுக்கும்போது, "சீனி எத்தித மாத்தயா?" என்றார். சீனி போதுமா ஐயா என்று சுத்தமான சிங்களத்தில். நீர்கொழும்பிலிருந்து மீன்பிடிக் காலத்தில் வந்து எங்கள் கரையில் ஓலைக் கொட்டிலாக வாடி அடித்துத் தங்குகிறவர்கள் வருடக் கணக்காக எங்கள் கடையில்தான் சாப்பிட்டார்கள். அவர்களிடம் பிடித்த சிங்களம். தன்னைப் பற்றி அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அம்மாவுக்கு விளங்கியிருந்தது. ஏமாற்றுக்காரி என்றதும், நிவாரணத்தை நிறுத்துவேன் என்றதும்.

பெரியவர் கோப்பையோடு நின்றார். "எத்தி அம்மா" என்று மெல்லச் சொன்னார். போதும் அம்மா. குடித்து முடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். உத்தரவு உத்தரவாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அம்மா தானே வண்டிலை இழுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். இன்னும் கொஞ்ச நாள் இழுத்தடித்திருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"தவராசாட முகத்தப் பாத்தனி தானே. அந்த மனிசன் திரும்பவும் வந்து பொய் சொல்ல வேணுமா?" என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் வரிசையாகக் கடைகள் கட்டிக் கொடுத்தது. நல்ல கடைகள். ஈரக் காலோடு அவ்வளவு தூரம் நடந்து பிளேன்ரீ குடிக்க யாரும் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் அந்த விதியையே தளர்த்தினார்கள். அதற்குள் வாகரைப் பக்கம் சண்டை தொடங்கி நாங்கள் இடம்பெயர்ந்துவிட்டோம். அம்மா வாழைச்சேனையில் என் அண்ணனிடம் போனார். நான் கல்யாணமாகி இங்கே வந்தேன்.

இதுதான் கதை. இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா ஜெயித்ததாகவே சொல்வேன்.

4

பரிசோதகர் மூன்றாம் முறை வந்தது நத்தாருக்கு முன். ஆரணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மொழிபெயர்ப்பாளராக ஒரு இளைஞன் வந்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பையன். மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். பரிசோதகர் பேசினார். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"நான் முதல் முறை வந்தபோதே உங்களுக்குச் சொன்னேன், இந்தச் சமையலறையில் விற்பனைக்குச் சமைக்க முடியாது என்று."

"நீங்க எப்ப வந்தீங்க தம்பி? இண்டைக்குத்தானே உங்களக் காணுறன்."

"நான் இல்லை அக்கா. அவ சொல்லுறதை 'நான்' எண்டுதான் நாங்கள் சொல்ல வேணும். எங்கட தொழில் முறை அப்பிடி."

அதை விளங்கிக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அவன் தொடர்ந்தான்.

"இரண்டாம் முறையும் நிறுத்தச் சொன்னேன். அடுத்த மாதம் வேறு சமையலறைக்கு மாறுகிறோம் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் மகள் சொன்னார். இரண்டு முறையும் அதையே சொன்னார். மேல் வீட்டிலிருந்து மணத்தைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது. அவர்கள் உங்களிடமே நேரில் வந்து பல தடவை கேட்டிருக்கிறார்கள்."

மேல் வீட்டுப் பெண் வந்தது உண்மை. கதவில் நின்று ஏதோ சொன்னாள். "எங்கட சமையல் வாசத்தப் பற்றிக் கதைக்கிறா" என்றாள் ஆரணி. நான் பூரித்துப்போனேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரு தட்டு ரோல்ஸ் சுடச்சுட மேலே கொண்டுபோய்க் கொடுத்து, சிரித்துவிட்டு வந்தேன். அவள் தட்டை வாங்கும்போது கண்ணைத் தாழ்த்துவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு முன் படியேறின.

பரிசோதகர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேனையை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். பையன் தயங்கி, "இதெல்லாம் உங்களுக்கு இப்போதுதான் தெரியவருகிறதா?" என்றான்.

ஆம் என்று சொன்னால் என் பிள்ளை பொய்க்காரி ஆவாள். ஓர் அரசாங்க அலுவலகத்தில், அவள் பெயருக்குப் பக்கத்தில்.

"எல்லாம் தெரியும்" என்றேன். "நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். புள்ளையில பிழையில்ல."

பையன் அதை அப்படியே சொன்னான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொன்னதை எழுதிக்கொண்டார். அன்றோடு விற்பனை நின்றது. நத்தாருக்கு ஓடர் தந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தோள்மூட்டு என்றேன்.

5

ஆரணி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டேன்.

"என்னத்துக்கு, மகள், எனக்குச் சொல்லல்ல?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா அழுவீங்க. இல்லாட்டி அம்மம்மாட வண்டில் கதையச் சொல்லுவீங்க. ரெண்டும் எனக்கு ஏலாது."

"மேல் வீட்டுப் பொம்புள வாசத்தப் பற்றிக் கதைச்சவ எண்டு சொன்னாயே."

"லுக்த் எண்டுதான் சொன்னவ. அந்தச் சொல்லுக்கு வாசம் எண்டும் கருத்து இருக்கு, நாத்தம் எண்டும் இருக்கு. நான் பொய் சொல்லல்ல."

"அப்ப நான் குடுத்த ரோல்ஸ்?"

"அதக் கேக்காதீங்க அம்மா."

மேல் வீட்டுப் பெண்ணின் மகள் ஆரணியின் வகுப்பு. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதோடு இதைச் சேர்த்து யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போடும் ஜக்கெட்டை அவள் இரவில் பல்கனியில் தொங்கவிடுவதையும் கண்டிருக்கிறேன். ஈரம் காயத்தான் என்று நினைத்தேன், மணம் போக என்று அல்ல.

அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் அறைக்குள் போனாள்.

6

அம்மாவுக்கு அழைத்தேன். அம்மா இப்போதும் வாழைச்சேனையில் துறைமுகத்து ஆட்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டுகிறார். அங்கேயும் விதிகள் வந்துவிட்டன. சுகாதாரப் பரிசோதகர் வந்து சுவருக்கு மாபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறார், தலைக்குத் தொப்பி போடச் சொல்லியிருக்கிறார். அம்மா ஒட்டிவிட்டார், தொப்பியும் போடுகிறார். "போட்டா என்ன, மயிர் விழாதுதானே" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். தவராசா செய்ததைத்தானே ஆரணியும் செய்தாள் என்று, என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். அம்மா அதை ஏற்கவில்லை.

"தவராசா வளந்த மனிசன். கவுண்மேந்துச் சம்பளம் எடுத்தவன். அவன் விழுங்கினா அவனுக்குச் செமிக்கும். அதோட நான் அங்க விளங்காம நிக்கல்ல. இது சின்னப் புள்ளயடி. அதுக்கு எப்பிடிச் செமிக்கும்?"

பிறகு, "நீ அங்க போய் எத்தின வருசம்?" என்றார். கேள்வியாக அல்ல.

ஆரணி பிறந்தது யுத்தம் முடிந்த அதே கிழமை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்த தாதி ஒரு பத்திரிகையைக் காட்டினாள். எங்கள் நாட்டுப் படம் இருந்தது, புகையும் சனமும். அவள் பரிவாக ஏதோ கேட்டாள். அப்போது எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். "யா" என்றேன். ஆம். உன் ஆட்கள் தப்பிவிட்டார்களா என்று கேட்டாளோ, செத்துப்போனார்களா என்று கேட்டாளோ, யுத்தம் முடிந்தது சந்தோஷமா என்று கேட்டாளோ. எந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னேன் என்பது இன்றுவரை தெரியாது. அந்தக் கிழமை பிறந்த பிள்ளையின் தோளில் மொழியை ஏற்றிவிட்டு இத்தனை வருடம் நான் சும்மா இருந்திருக்கிறேன்.

7

இப்போது தேவாலய மண்டபத்தின் சமையலறையைக் கிழமைக்கு இரண்டு பகல் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பரிசோதகர் வந்து பார்த்து அனுமதி தந்தார். வாடகை போக மிஞ்சுவது குறைவு. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறேன். அகதிகளாக வந்த பிள்ளைகள் எனக்கு முன் வரிசையில் இருந்து கடகடவென்று வாசிக்கிறார்கள். ஒரு நாள் படியில் மேல் வீட்டுப் பெண்ணைக் கண்டு, நாள் முழுக்கப் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அவளும் ஏதோ சொன்னாள். பாதி விளங்கியது. அவளுக்கும் முகம் சிவந்திருந்தது.

ஆரணிக்கு இப்போது வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதிகளோடு கைப்பந்து விளையாடப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் அறைக் கதவு. முன்பு வங்கிக்கும் டொக்டரிடமும் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வருவாள். இப்போது அந்தப் பஸ்ஸில் நான் தனியே போகிறேன். பாரம் இறக்கியவுடன் பிள்ளையும் இறங்கிப் போய்விட்டது போல இருக்கிறது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

போன கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. முதன்முறையாக அவளுக்குப் பதிலாக அந்த யாழ்ப்பாணத்துப் பையனே வந்தான். ஆரணி என் மறுபக்கத்தில் இருந்தாள். இளவயது ஆசிரியை. படிப்பு நல்லது, கணக்கு மிக நல்லது என்றார். முன்பு ஆரணியும் அவ்வளவைத்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் ஆசிரியை அதோடு நிறுத்தவில்லை. "ஸ்தில்லே" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

"உங்கள் மகள் வகுப்பில் மிகவும் அமைதி" என்றான் பையன். "கேட்டால் ஒழியப் பேசுவதில்லை. ஒவ்வொரு வருடமும் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை."

ஆரணி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் என் பதிலுக்காகக் காத்திருந்தான். தமிழில் சொல்லியிருந்தால் அவன் நன்றாகச் சொல்லியிருப்பான். எனக்கு அது போதவில்லை.

"ஸ்தில்லே இல்லை" என்று அவர்களுடைய மொழியிலேயே தொடங்கினேன். வகுப்பில் போன மாதம் படித்த சொல் ஒன்று வாய்க்கு வந்தது. "ஸ்லீதன்." அமைதி இல்லை, களைப்பு. "வீட்டில் இரண்டு பேருக்காகப் பேசினாள். அவளுக்காகவும் எனக்காகவும்." வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன். சொல்லும்போதே பிழை என்று தெரிந்தது. திருத்தத் தெரியவில்லை.

ஆரணியும் திருத்தவில்லை.

ஆசிரியை அவள் பக்கம் திரும்பி மெதுவாக ஒன்று கேட்டார். ஆரணி முதலில் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு பேசத் தொடங்கினாள். மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, நான் கேட்டே இராத ஒரு குரலில், நிறுத்தாமல். இடையில் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பையன் தன் கதிரையை என் பக்கம் நகர்த்தி, காதருகே குனிந்து, "நான்..." என்று ஆரம்பித்தான்.

அவன் கையைத் தொட்டேன்.

"வேணாம் தம்பி" என்றேன். "அவ ரீச்சரோட கதைக்கட்டும்."